பெயர் சொல்லாத சாட்சி

காலை ஆறு இருபது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட். அதில் முப்பது, நாற்பது ரோஜாக்கள். எல்லாம் நல்ல சிவப்பு, நீளக் காம்பு. எல்லாவற்றுக்கும் கழுத்து வளைந்திருந்தது.

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே ஐந்து கதவுகள், முன்னால் ஒரு குழாய், பின்னால் இரண்டு கக்கூஸ். எதிரே ஓனரம்மாவின் மாடி வீடு. எங்களுடையது இரண்டாவது கதவு. ஐந்தாவதில் டிசம்பர் மாதம்தான் ஓர் அம்மாவும் மகளும் குடிவந்திருந்தார்கள். அவருடைய கணவர் லாரி கிளீனர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். லைனில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் அந்த அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். தளி ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் அவருக்கு வேலை. பாலிதீன் குடிலுக்குள் பூ வெட்டி, ஷெட்டில் தரம் பிரிக்க வேண்டும். கழுத்து வளைந்த பூ கப்பலுக்கோ விமானத்துக்கோ போகாது, குப்பைக்குப் போகும். அதைத்தான் அவர் முந்தின நாள் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கள் வாசலில் வைத்துவிட்டு மறுபடியும் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் சர்ச்சுக்காக.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஓசூர் நினைவிருக்கும். ஜனவரியில் ஏழு மணி வரை பேசினால் வாயிலிருந்து புகை வரும். ஷிப்ட் சங்கு ஊதினால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. மளிகைக் கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் மஞ்சள் போன் இருக்கும். அதன் முன் ஊர்க்குரல்களில் அழுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். நாங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். எங்கள் சபை, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி ஹால். அங்கே வந்த குடும்பங்களில் முக்கால்வாசி எங்கள் பக்கத்து ஊர்கள். நான் ஆறாம் வகுப்பு. அக்காவின் மகளும் என் வகுப்பு, என் பெஞ்ச்.

ஓனரம்மா வீடு கொடுக்கும் முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். எங்களிடமும் கேட்டார். "நாங்க கிறிஸ்டியன்" என்றார் அப்பா. "அது சரி. கிறிஸ்டியன்ல எந்த ஆளுங்க?" என்றார். அப்பா சொன்னார். ஓனரம்மா தலையை ஆட்டிவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பதிலில் ஏதோ ஒரு சாவி இருந்தது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

அம்மாவால் யாருக்கும் கொடுக்காமல் இருக்க முடியாது. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம், புளியோதரை கிண்டினால் ஒரு கிண்ணம், என் கையில் கடைசி வீட்டுக்குப் போகும். கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒரு நாள் வேர்க்கடலை, ஒரு நாள் ராகி மாவு, ஒரு நாள் வாசனையுள்ள பச்சை அவரைக்காய். சமைத்தது மட்டும் ஒருநாளும் வராது. அம்மா இதைக் கவனிக்க ஒரு மாதம் ஆனது. கவனித்த அன்றே கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, ஒன் கைச்சாப்பாட்டக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கியே. என்ன, உப்பு போடத் தெரியாதோ?" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைக் கொஞ்சம் சாத்தினார்.

"நீங்க தெரியாம சாப்ட்டுட்டு, அப்பால தெரிஞ்சு சங்கடப்படக் கூடாது பாருங்க. அதாங்கா."

பிறகு தன் ஜாதியைச் சொன்னார். நான் அதை இங்கே எழுதவில்லை.

"வூட்டம்மாகிட்ட வேற ஜாதி சொல்லித்தான் உள்ள வந்தேன். தெரிஞ்சா அன்னிக்கே சாமான வெளிய வெச்சிருவாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல வெச்சாங்க. புள்ளைக்குப் பெரிய பரீட்ச முடியற வரைக்குமாச்சும் இங்க இருந்துக்கணும்கா. இங்கேர்ந்தா இஸ்கூலுக்கு நடந்து போயிடுது. தோட்டத்துப் பக்கம் போனா படிப்பு அவ்ளோதான்."

அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப அடுப்புல என்ன இருக்கு?" என்றார்.

"களிக்கா. பிதுக்குப் பருப்புக் கொழம்பு."

"ஒரு தட்ட எடு."

சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய அவரைப் பருப்பு, தேங்காய் அரைத்த குழம்பு, நடுவில் ராகி உருண்டை. எங்கள் ஊரில் களி கிடையாது. அம்மா சோறு மாதிரி மென்றார். அக்காவின் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மெல்லக் கூடாது ஆன்ட்டி! அப்டியே முழுங்கணும்!"

"முழுங்கவா? தொண்டைல நின்னுட்டுன்னா ஒங்கம்மையா பதில் சொல்லுவா?"

அப்போதுதான் அக்கா சிரித்தார். அம்மா அரை உருண்டை சாப்பிட்டு, குழம்பை வழித்து நக்கி, தட்டைத் தானே கழுவி வைத்தார். எழுந்து வரும்போது, "எங்கிட்ட சொன்னது கெணத்துல போட்ட கல்லு. பயப்படாத" என்றார். அந்த அரை மணி நேரத்தில் அம்மாவிடம் ஒரு குறையும் காண என்னால் இன்று வரை முடியவில்லை.

எங்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் ஞாயிறு மாலை ஜெபக் கூட்டம் நடக்கும். ஜனவரிக் கடைசி ஞாயிறு எங்கள் முறை. வீட்டுக்குள் பதினைந்து பேருக்கு மேல் கொள்ளாது. அதனால் லைனுக்கு முன்னால் துணிப் பந்தல் போட்டு, ஜமக்காளம் விரித்து, வாடகைக்கு ஒரு மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் எடுத்திருந்தார் அப்பா. ஊரிலிருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்ப டேப் ரெக்கார்டரில் கேசட்டும் போட்டு வைத்திருந்தார். அந்த கேசட் இப்போது இல்லை. ஆனால் அதை அனுப்பும் முன் அவர் மூன்று முறை போட்டுக் கேட்டதால், அன்று அம்மா பேசியது எனக்கு வரிசை மாறாமல் தெரியும்.

அக்கா வேலை முடிந்து நேராக வந்தார். ஒரு பக்கெட் பூவை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பந்தலின் ஓரத்தில், செருப்புகள் கிடந்த இடத்துக்கு அடுத்து உட்கார்ந்தார். அவர் மகள் என் பக்கத்தில். பாஸ்டர் எங்கள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தாழ்மையைப் பற்றிப் பேசினார். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தைத் தேடி உட்காருவதைப் பற்றி. பேசி முடித்ததும் வழக்கம் போல, "சாட்சி உள்ளவங்க சொல்லலாம்" என்றார்.

சாட்சி என்பது, கடவுள் தன் வாழ்வில் செய்ததை எல்லோர் முன்பும் எழுந்து சொல்வது. சொல்லாமல் வைத்திருப்பது நன்றிகெட்டதனம் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அம்மா எழுந்தார்.

"ஸ்தோத்திரம். பேரு சொல்ல விரும்பல. ஒரு சகோதரி. ரோஜாப்பூ வேலைக்குப் போறவங்க. நான் என்னத்தக் குடுத்தாலும் வாங்கிக்கிடுவாங்க, அவங்க ஆக்குனத மட்டும் தர மாட்டாங்க. கேட்டா, 'நாங்க இன்ன ஜாதி, நீங்க எங்க வீட்டுல சாப்பிடப்படாது'ன்னு சொல்லி அழுதாங்க…"

ஜாதியின் பெயரை மைக்கில் சொன்னார். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. அக்கா அழவும் இல்லை.

பின்னாளில் பத்திரிகையின் செய்தி மேசையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: பெயரை மறைத்தால் மட்டும் போதாது, இடமும் வேலையும் சேர்ந்தால் அதுவே பெயர். அதைப் படிக்கப் பதினொரு வயதில் எனக்கு மேசை தேவைப்படவில்லை. ஐந்தே கதவுகள். ரோஜா வேலைக்குப் போனவர் ஒருவர்.

ஆம்ப்ளிபயரின் வயர் என் முழங்காலை ஒட்டிப் போனது. பிளக் சுவரில், கை எட்டும் தூரம். அதைப் பிடுங்கலாம் என்று தோன்றியது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பிடுங்கினால் அப்பா திட்டுவார் என்று தோன்றியதும் நினைவிருக்கிறது. பக்கத்தில் அவள், அக்காவின் மகள், ஒரு ரோஜா இதழை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மாடியில் ஓனரம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு புடவையை மடித்தார். அதையே உதறி விரித்து மறுபடியும் மடித்தார்.

"…நான் அவங்க தட்டுலயே சாப்ட்டேன். என் பெருமையெல்லாம் அன்னைக்கே என்னைவிட்டுப் போச்சு. கர்த்தருக்கே மகிமை" என்று முடித்தார் அம்மா. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பந்தல் முழுக்க ஆமென் என்றது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மரியாதைதான். சபையின் மூத்த அம்மா எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து, "ஏம்மா கடைசில உக்காந்திருக்க? முன்னால வா, நீயும் எங்களுக்கு ஒரு சகோதரி" என்று இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஏழு பேர். டீ வந்ததும் அந்த அம்மாவே கெட்டிலை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே ஊத்தும்மா. ஒன் கையால குடிக்கோம்."

"வேணாங்கம்மா, கை அழுக்கு. பூ மருந்து அடிச்சிட்டு வந்தேன்."

"ஒண்ணும் செய்யாது. ஊத்து."

அக்கா ஊற்றினார். ஒவ்வொருவராக வாங்கிக் குடித்தார்கள். குடிக்கும்போது மற்றவர்கள் குடிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் ஓனரம்மா வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல் குடத்தைப் பார்த்துப் பேசினார். "எங்க அண்ணன் பையனுக்குக் கல்யாணம் வெக்கிறாங்க. கடைசி வூடு வேணும். பதினஞ்சு நாள் எடுத்துக்கோம்மா."

"சரிங்கம்மா" என்றார் அக்கா. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனார். அவர் எங்கள் கதவைத் தாண்டும்போது அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தார்.

அன்று மாலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார்.

"பரீட்ச முடியிற வரைக்கும் மட்டும் விடுங்கம்மா. சின்னப் பிள்ள படிக்கி."

"பேடம்மா" என்றார் ஓனரம்மா. வேண்டாம் என்பதை மட்டும் அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார். "நான் யாரையாச்சும் ஒரு வார்த்த சொன்னேனா? கத்துனேனா? நீங்கதானே மைக் வெச்சி சொன்னீங்க."

"நான் கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா."

"நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க. இல்லேன்னு சொல்லல. தெருவே கேட்டுச்சு. இனிமே எனக்குக் கேக்கலன்னு நான் எப்படி இருக்கறது, நீங்களே சொல்லுங்க."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பிப்ரவரி முதல் இரண்டு வாரம் ரோஜாத் தோட்டங்களில் யாருக்கும் லீவு கிடையாது. காதலர் தினத்துக்குப் பூ போக வேண்டும். வேறு வீடு தேட அக்காவுக்கு நேரமில்லை. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். பள்ளி விட்டதும் என்னோடு கால்நடைப் பண்ணைப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு தெருவாகப் போனார். "டு லெட்" அட்டை தொங்கிய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடந்தது.

"யாருக்கு வீடு?"

"எங்க சகோதரி ஒருத்தங்களுக்கு."

"சகோதரின்னா? கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல, தெரிஞ்சவங்க."

"என்ன ஆளுங்க?"

அம்மா பொய் சொல்ல மாட்டார். விசுவாசி பொய் சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்வார். ஆள் வந்துவிட்டது, இப்போதுதான் பேசி முடித்தோம், அட்டையைக் கழற்ற மறந்துவிட்டோம் என்பார்கள்.

நான்காவது நாள், ஒரு வீட்டில் அந்தக் கேள்வி வரும் முன்பே நான் முந்திக்கொண்டேன். "எங்க சித்திதான் ஆன்ட்டி. எங்கம்மாவோட தங்கச்சி."

வீட்டுக்காரப் பெண் அம்மாவைப் பார்த்தார். முகத்தில் இணக்கம் வந்திருந்தது. சாவியை எடுக்கக் கையும் ஆணிக்குப் போயிருந்தது.

"இல்லங்க" என்றார் அம்மா. "பிள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதா."

தெருமுனை வரை அவர் வேகமாக நடந்தார். முனையில் நின்று, "ஏட்டி, பொய் சொல்லி வாங்குற வீட்டுல சமாதானம் இருக்குமா?" என்றார். அக்கா எங்கள் லைனுக்கு வந்ததே பொய் சொல்லித்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று அப்பா வாசலில் உட்கார்ந்து கம்பெனி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாமளும் காலி பண்ணிட்டு அவங்களோட போயிருவமாப்பா?"

"எங்கட்டி போவ?" என்றார், ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒனக்குப் பரீட்ச இருக்குல்லா."

பதினைந்து நாளில் பதினான்காவது நாள். ஞாயிறு காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம். லைனில் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். அக்காவும் நின்றார். அம்மா வீட்டிலிருந்து வேகமாக வந்து, ஈரத் தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மன்னிச்சிரு. ஒனக்கு நான் பெரிய பாவம் செஞ்சிட்டேன்."

குடங்கள் நகரவில்லை. குழாய் திறந்து கிடந்து தண்ணீர் ஓடியது. மாடியில் ஓனரம்மா கைப்பிடிச் சுவருக்கு வந்து நின்றார். அக்கா கால்களை இழுக்கப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து அம்மாவின் தோளைப் பிடித்தார்.

"எந்திரிங்கக்கா. அய்யோ, எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்கு அசிங்கமா இருக்குது. எந்திரிங்க."

அம்மா எழவில்லை. தேம்பினார். முடிவில் அக்கா தானும் உட்கார்ந்து, முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்து, "அழாதீங்கக்கா, எனக்கு ஒண்ணும் ஆவல, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தேற்ற வேண்டியதாயிற்று. அம்மா கொஞ்சம் அடங்கியதும், அவருக்கும் அருகில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும் குரலில் அக்கா ஒன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்கா. எங்களுக்காக ஜெபம் பண்ணாதீங்க. சத்தமா பண்ணாதீங்க."

வீடு கிடைக்கவில்லை. தோட்டத்து முதலாளி, வேலையாட்களுக்குக் கட்டிய அறைகளில் ஒன்றைக் கொடுத்தார். காதலர் தினத்துக்கு மறுநாள் ஒரு டெம்போ வந்தது. சாமான் அதிகமில்லை: இரும்புக் கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, அடுப்பு, பாத்திர மூட்டை. எங்கள் அம்மாதான் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். அக்காவின் மகள் டெம்போவின் பின்னால் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் கணக்கு நோட்டு அவளிடம் இருந்தது. எழுதிவிட்டுத் தருவதாக வாங்கியது. அதை நீட்டினாள். "கடைசி ரெண்டு கணக்கு தப்பாப் போட்டிருக்கற, பாத்துக்கோ" என்றாள்.

ஒரு வாரம் தளி பஸ்ஸில் பள்ளிக்கு வந்தாள். காலை எட்டேகால் பஸ்ஸை விட்டால் பிறகு பத்தரைக்குத்தான். இரண்டு நாள் பத்தரை பஸ்ஸில் வந்து வகுப்புக்கு வெளியே நின்றாள். அப்புறம் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு பெண், அவள் ஷெட்டில் தன் அம்மாவோடு நின்று பூவுக்கு ரப்பர் பேண்ட் போடுவதாகச் சொன்னாள். பெரிய பரீட்சை எழுத அவள் வரவில்லை. அதன்பின் நான் அவளைப் பார்க்கவில்லை. தளி ரோட்டில் போகும்போதெல்லாம் பாலிதீன் குடில்களைப் பார்த்துக்கொண்டு போவேன். உள்ளே ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள். முகம் தெரியாது.

ஓனரம்மாவின் அண்ணன் மகன் குடிவரவில்லை. கடைசி வீடு மார்ச் மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் முதல் வாரம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் அதில் பால் காய்ச்சியது. எங்கள் சபைக் குடும்பம். எங்கள் லைனில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று பாஸ்டரிடம் சொன்னது அம்மா.